இதழியல், தொடர்பியல் முதுகலைப் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கான வழிகாட்டி

தருமபுரியில் சேலம் பேருந்து ஏறினால், தொப்பூர்க் கணவாயும் ஓமலூரும் கடந்து, சேலம் நகருக்குள் நுழைவதற்கு முன்பே, கருப்பூரை ஒட்டி நெடுஞ்சாலை ஓரத்திலேயே பெரியார் பல்கலைக்கழகம் வந்துவிடும். நம் இரண்டு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை. இங்கே இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியலுக்குத் தனித்துறையும் இருக்கிறது. ஆனாலும் அந்தத் துறையின் பெயரை இளங்கலை முடித்த பிறகுதான் கேள்விப்பட்டதாகச் சொல்லும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அவர்களுக்கு மதிப்பெண் போதாமல் இல்லை. டிசம்பரில் செய்திருக்க வேண்டிய வேலையை ஜூனில் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை இளங்கலை மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஆனவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தத் துறைக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல், கோவை பாரதியாரில் தொடர்பியல் மற்றும் ஊடகவியல், மதுரை காமராசரில் இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல், நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரில் வெறும் தொடர்பியல் என்றே இருக்கும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மக்கள் தொடர்பியல் எம்.ஏ. உண்டு. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை மின்னணு ஊடகத்தில் எம்.எஸ்சி. தருகிறது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் 'விஸ்காம்' என்று எல்லோரும் சொல்லும் காட்சித் தொடர்பியல் இருக்கிறது.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். எம்.ஏ. என்றால் கோட்பாடு, வரலாறு, சட்டம், ஆராய்ச்சி முறை ஆகியவற்றின் எடை பொதுவாகக் கூடுதலாக இருக்கும், எம்.எஸ்சி. என்றால் கேமரா, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு போன்ற செய்முறைகள் கூடுதலாக இருக்கும். என் கருத்தில், ஆசிரியர் பணியையோ ஆராய்ச்சியையோ நினைப்பவர்களுக்கு எம்.ஏ.வும், தொலைக்காட்சி, விளம்பரம், படத்தயாரிப்பு பக்கம் போக நினைப்பவர்களுக்கு நல்ல கருவிக்கூடம் உள்ள எம்.எஸ்சி.யும் ஏற்றவை. 'நல்ல கருவிக்கூடம்' என்பதை விளம்பரத் தாளை வைத்து நம்பாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, கேமராவை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

முதுநிலைப் பட்டயம் என்பது வேறு. சென்னையில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி போன்ற இடங்கள் தரும் பட்டயத்துக்குச் செய்தி அறைகளில் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பட்டயம் தன்னளவில் முதுகலைப் பட்டம் ஆகிவிடாது. பிற்காலத்தில் 'நெட்' எனப்படும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம், கல்லூரி ஆசிரியர் பணி என்று எண்ணம் இருந்தால் இந்த வேறுபாட்டை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

யார் சேரலாம்

நம் பகுதி மாணவர்களுக்கு இருக்கும் பெரிய தயக்கம், "நான் தமிழ் இலக்கியம் படித்தேன், என்னைச் சேர்ப்பார்களா?" என்பதுதான். சேர்ப்பார்கள். இந்தத் துறையின் எம்.ஏ.வுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது, பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டு இளங்கலை என்ற வரிசையில் முடித்த ஏதேனும் ஒரு பட்டமே. வேளாண்மை, கணினி, வரலாறு, வணிகவியல் எது படித்திருந்தாலும் கதவு திறந்திருக்கும். காட்சித் தொடர்பியல், மின்னணு ஊடகம் ஆகியவற்றில் மட்டும் சில கல்லூரிகள் தொடர்புள்ள இளங்கலையை எதிர்பார்க்கின்றன. குறைந்தபட்ச மதிப்பெண் பல இடங்களில் பொதுப் பிரிவுக்கு 50 விழுக்காடு என்ற அளவில் இருக்கும், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த வரிசைப்படி அமையாத பட்டத்தைத் தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. முதுகலைச் சேர்க்கையிலும் சிக்கல் வரும். கட்டணம் கட்டுவதற்கு முன்பு துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இரண்டு வாசல்கள், இரண்டு நாள்காட்டிகள்

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்க்கை வேறு வேறு காலத்தில் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மத்தியப் பல்கலைக்கழக வாசல் முன்னதாகவே திறந்து முன்னதாகவே மூடிவிடும். திருவாரூர், புதுச்சேரி, ஐதராபாத் போன்ற இடங்களுக்கான 'க்யூட்' முதுநிலை நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 2025ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஜனவரி 2 அன்றே விண்ணப்பம் தொடங்கி, மார்ச் நடுவில் தேர்வும் தொடங்கிவிட்டது. அதாவது நம் மாணவர் ஆறாம் பருவப் பாடத்தை முழுதாக முடிக்கும் முன்பே அந்த வாசல் சாத்தப்பட்டுவிடுகிறது. இறுதி ஆண்டு மாணவர்கள் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் காத்திருக்கக் காரணமே இல்லை. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து தேர்வு முகமையின் இணையதளத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்த்து வாருங்கள்.

தேர்வு கணினியில் நடக்கும். 2025இல் 75 கேள்விகளுக்கு 90 நிமிடம் கொடுத்தார்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். தெரியாத கேள்வியை விட்டுவிடுவது நல்லது. நான்கில் இரண்டு விடைகளைத் துணிந்து நீக்க முடிகிற கேள்வியை விடாமல் முயல்வது அதைவிட நல்லது.

இந்த வாசலில் நம் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது தேர்வுக்குப் பிந்தைய ஒரு படியை. மதிப்பெண் அட்டை வந்ததும், பொறியியல் கலந்தாய்வு போல ஒரே இடத்தில் அழைப்பார்கள் என்று காத்திருந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொதுக் கலந்தாய்வு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்தத் தளத்தில் தனியாகப் பதிவு கேட்கும். அங்கே உங்கள் தேர்வு மதிப்பெண்ணைக் குறித்து, தனிக் கட்டணம் கட்டி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு இரண்டு மூன்று வாரமே கிடைப்பதும் உண்டு.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் பொதுவாகக் கோடையில், இளங்கலை முடிவு வரும் காலத்தையொட்டி வரும். சில துறைகள் சொந்தமாக நுழைவுத் தேர்வு வைக்கின்றன. சில, இளங்கலை மதிப்பெண்ணையும் நேர்முகத்தையும் கொண்டு முடிவு செய்கின்றன. இங்கே தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கணக்கு வேறு. அங்கே இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, ஆதிதிராவிடருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. சித்தேரி, வத்தல்மலை மாணவர்களுக்கும் அஞ்செட்டிப் பக்கத்து இருளர் மாணவர்களுக்கும் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: மாநிலத்தின் 1 விழுக்காட்டைவிட மத்தியப் பல்கலைக்கழகத்தின் 7.5 விழுக்காடு உங்களுக்கு அகலமான வாசல். 'க்யூட்' விண்ணப்பத்தைத் தவறவிடாதீர்கள்.

ஓசூர்ப் பகுதி மாணவர்களுக்குப் பெங்களூரு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பெங்களூருப் பல்கலைக்கழகத்திலும் நகரின் தனியார் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு உண்டு. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது பெரிய வசதி. ஆனால் மாநில எல்லையைக் கடந்ததும் நம் சாதிச் சான்றிதழின் பயன் பெரும்பாலும் நின்றுவிடும். கர்நாடக அரசு நிறுவனங்களில் மாநில இடஒதுக்கீடு அந்த மாநிலத்தவருக்கே. வெளிமாநிலப் பட்டத்துக்குத் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் எம்.ஏ. ஒரு வழி. தொலைநிலைப் படிப்பு எதுவானாலும், நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

சான்றிதழ்கள்

சான்றிதழ் பற்றித்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், காரணம் நானே பட்டவன். நான் விண்ணப்பித்த ஆண்டில் வெளியூரில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் வந்தது. இரவு முழுக்க ரயிலில் போய், காலையில் வரிசையில் நின்று, கோப்பைத் திறந்து நீட்டினேன். உள்ளே இருந்தது தமிழ்நாட்டு அரசின் சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று தெளிவாக எழுதி, முத்திரையும் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது இல்லை, ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும்" என்று திருப்பித் தந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை, உண்மையில் இரண்டும் ஒன்று அல்ல. மறுநாள் மாலைக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பி வரவே ஒரு நாள் ஆகும். அந்த இடம் போனது போனதுதான்.

ஓ.பி.சி., அதாவது இதர பிற்படுத்தப்பட்டோரிடம் மத்திய நிறுவனங்கள் கேட்பது மத்திய அரசின் படிவத்தில், 'வளமான பிரிவினர் அல்லர்' என்று வட்டாட்சியர் சான்றளித்த தனிச் சான்றிதழ். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. உங்கள் சாதி அங்கே எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அவர்கள் வகிக்கும் அரசுப் பதவியின் நிலையும் நிலத்தின் அளவும் தனியாகப் பார்க்கப்படும். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தார் பலர், தங்களுக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது என்று தாங்களாகவே முடிவு செய்து ஒதுங்கிவிடுகிறார்கள். விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழ்தான் வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்பதால், இதை மட்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பிப்பது சரியாக இருக்கும்.

இணையச் சேவை மையத்தில் கொடுத்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி வந்துவிடும். பிளஸ் டூ முடித்தவர்களின் கூட்டமும் அதே நேரத்தில்தான் வரும். அப்போது மனு கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பதைவிட வேதனை வேறில்லை. பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தருமபுரி மாவட்டத்துக்குத் தருமபுரியும் அரூரும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கிருஷ்ணகிரியும் ஓசூரும் கோட்டங்கள். விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், இதை இரண்டாம் ஆண்டிலேயே முடித்து வைப்பது பாதுகாப்பு.

கல்லூரியிலிருந்து வாங்க வேண்டியவை: ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். பெரியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் படித்து வேறு பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். அதைக் கல்லூரி அலுவலகம் தராது, பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்து வாங்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பத்து நகல் எடுத்துவிட்டு, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் விஷயம் சிறியதாகத் தோன்றும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால், வங்கிக் கணக்கில் முன்னெழுத்தே இல்லாமல் என்று ஒருவரே மூன்று பேராக இருப்பது நம் ஊரில் சாதாரணம். இணைய விண்ணப்பம் இதை மன்னிக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அளவுகோலாக வைத்து, ஆதாரை அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வும் நேர்முகமும்

படிக்க வேண்டியது கடல் போலத் தோன்றினாலும் கேள்விகள் சில கரைகளையே சுற்றி வருகின்றன. முதலாவது, இந்திய இதழியல் வரலாறு: 1780இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய வாரப் பத்திரிகை, 1878இல் 'தி இந்து', 1882இல் 'சுதேசமித்திரன்' என்று தொடங்கி விடுதலைப் போராட்ட காலம் வரை. இந்த வரலாறு நமக்குத் தூரத்துக் கதை அல்ல. 'ஞானபாநு' இதழை நடத்திய சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்தது நம் பாப்பாரப்பட்டியில்தான். இரண்டாவது, சட்டமும் அமைப்புகளும்: பத்திரிகை மன்றம், பிரசார் பாரதி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அவதூறு, அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு. மூன்றாவது, கோட்பாடுகள்: 1948இல் லாஸ்வெல் கேட்ட ஐந்து கேள்விகள், ஷானனும் வீவரும் வரைந்த செய்திப் பரிமாற்ற மாதிரி, மக்கள் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதை ஊடகங்கள் தீர்மானிக்கின்றன என்று மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் வெளியிட்ட நிரல் அமைப்புக் கோட்பாடு. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் நம் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கண்டுபிடித்து வைப்பது நெடுநாள் நிற்கும். மாம்பழக் காலத்தில் உள்ளூர்ப் பதிப்புகள் 'பெங்களூரா' மாங்காயின் கொள்முதல் விலையைத் தொடர்ந்து முதல் பக்கத்தில் வைக்க, ஊரெல்லாம் அதையே பேசுகிறது என்றால், நிரல் அமைப்புக் கோட்பாடு உங்களுக்குப் புரிந்துவிட்டது.

எழுத்துத் தேர்வு வைக்கும் துறைகள் சில தகவல்களைக் கொடுத்து, செய்தியாக எழுதச் சொல்லும். நம் மாணவர்கள் அங்கே சறுக்குவது முதல் வரியில். பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டை வைத்துப் பயிற்சி கொடுத்தால், பத்துப் பேரில் எட்டுப் பேர், "தக்காளி விலை வீழ்ச்சியால் விவசாயிகள் பெரும் கவலை அடைந்துள்ளனர்" என்றே தொடங்குவார்கள். இந்த வாக்கியத்தை எந்த ஆண்டுக்கும், எந்த ஊருக்கும், வெங்காயத்துக்கும்கூட ஒட்டிவிடலாம். ஒரு மாணவி இப்படி எழுதினார்: "பறிக்கும் கூலிக்கே விலை கட்டாததால், பழுத்த தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்டு ஆடுகளை உள்ளே ஓட்டினார் விவசாயி." இதில் கவலை என்ற சொல் இல்லை, கவலை தெரிகிறது.

நேர்முகத்தில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, இன்று காலை எந்த நாளிதழ் படித்தீர்கள் என்பது. அடுத்தது, முதல் பக்கத்தில் எது இருந்தது, ஏன் அதை அங்கே வைத்தார்கள் என்பது. அன்று காலை நாளிதழ் பார்க்காமல் உள்ளே போவதைப் போன்ற தற்கொலை முயற்சி வேறில்லை. எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டால், சமூகத்துக்குச் சேவை செய்ய என்று தொடங்காதீர்கள். அரசுக் கல்லூரியில் படித்தபடியே உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவருடன் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனது, தருமபுரி பண்பலை வானொலிக்குக் கடிதம் எழுதியது, தெருக்கூத்தை கைப்பேசியில் பதிவு செய்தது என்று கையால் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பதில் சொல்லலாமா என்று பணிவாகக் கேட்டுவிடலாம். ஆனால் பாடநூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால், நாளுக்கு ஒரு தலையங்கத்தை ஆங்கிலத்தில் படித்துச் சுருக்கி எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது. கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் தேன்கனிக்கோட்டை, ஓசூர் மாணவர்கள் அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள். இந்தத் தொழிலில் அது கூடுதல் தகுதி.

பணம்

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு முதுகலைக்கும் கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிவந்த மாணவிகள், அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை தொழிற்படிப்புகளுக்கானது, எம்.ஏ.வுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு: விதிமுறைக் கையேடு

சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் எல்லோரும் விடுதி அறையையும் வாட்ஸ்அப் குழுவையும் தேடுவார்கள். நீங்கள் படிப்பின் விதிமுறைக் கையேட்டைத் தேடுங்கள். நாற்பது ஐம்பது பக்கத்தில், உங்களுக்கு எப்போது பட்டம் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பது முழுக்க அதில் இருக்கும்.

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பட்டத்துக்கு வேண்டிய மொத்தக் கிரெடிட் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 90ஐ ஒட்டி இருக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுவதும் நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. முதன்மைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், பிற துறையில் படிக்க வேண்டிய ஒரு பாடம், பயிற்சிப் பணி, ஆய்வேடு என்று இது பிரியும். முதன்மைப் பாடங்களை யாரும் மறப்பதில்லை. பிற துறைப் பாடத்தையும் 'ஸ்வயம்' இணையப் பாடத்தையும் பதிவு செய்ய மறந்து, நான்காம் பருவ முடிவில் இரண்டு கிரெடிட் குறைந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, பருவத்துக்குப் பருவம் வாங்கிய கிரெடிட்டைக் கூட்டி வாருங்கள்.

தாள் ஒன்றுக்கு அக மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்ற பிரிப்பு பரவலானது. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும். எழுத்துத் தேர்விலும் தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். அக மதிப்பீட்டில் 24 வாங்கினாலும் எழுத்துத் தேர்வில் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அரியர்தான். வருகைப்பதிவு 75 விழுக்காடு. அதற்குச் சற்றுக் குறைந்தால் காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வெழுத அனுமதி கேட்கலாம். மிகவும் குறைந்தால் பருவத்தையே மீண்டும் படிக்க நேரும். தருமபுரியிலிருந்து தினம் போய்வருபவர்கள் தொப்பூரில் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நிற்கும் நாள்களையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். முதல் மணி வகுப்பில்தான் அந்த இழப்பு விழும்.

இன்னொரு கணக்கு கையேட்டில் இருக்காது, ஆனால் வாழ்க்கையில் வரும். தேர்ச்சிக்கு 50 போதும், யு.ஜி.சி. 'நெட்' தேர்வெழுத முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். 54.9 வாங்கியவருக்கு அதை 55 ஆக்கித் தரமாட்டார்கள். இதர பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 போதும், ஆனால் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மேலே சொன்ன அந்த மத்திய அரசுப் படிவச் சான்றிதழ் இங்கேயும் வேண்டும்.

பயிற்சிப் பணி பெரும்பாலும் முதல் ஆண்டு முடிந்த கோடையில் வரும். எல்லோரும் சென்னைத் தொலைக்காட்சிகளுக்கே முண்டியடிப்பார்கள்; அங்கே ஒரு மாதமும் வரவேற்பறையில் உட்கார்ந்து வந்தவர்கள் உண்டு. நாளிதழ்களின் தருமபுரி, சேலம் பதிப்புகளில் ஆள் குறைவு என்பதால், இரண்டாம் நாளே ஆட்சியர் அலுவலக மனுநாள் கூட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பெயருடன் வெளிவந்த செய்திகளை வெட்டி, தேதியோடு ஒட்டி வையுங்கள். பயிற்சி அறிக்கைக்கும் பிறகு வேலைக்கும் அதுவே சான்று.

ஆய்வேடு

நான்காம் பருவத்தில்தான் எழுத வேண்டும் என்றாலும், தலைப்பை இரண்டாம் பருவத்திலேயே பிடித்துவிடுவது நல்லது. நம் மாணவர்கள் கொண்டுவரும் தலைப்புகளில் பாதி, "தருமபுரி மாவட்ட இளைஞர்களிடம் சமூக ஊடகங்களின் தாக்கம்" என்ற வகை. இதில் எந்த இளைஞர், எந்த ஊடகம், எதன் மீது தாக்கம் என்று எதுவும் இல்லை. இதை எப்படிச் சுருக்குவது என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன்.

நம் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது ஊரறிந்த செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. "ஃபுளோரைடு விழிப்புணர்வில் ஊடகங்களின் பங்கு" என்று தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊடகம் என்று கேட்டால், சுவர் விளம்பரம், செவிலியரின் பேச்சு, வானொலி, பள்ளி மாணவர் ஊர்வலம் என்று நான்கு வரும். யாரிடம் என்று கேட்டால், சமையலுக்குத் தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் என்று வரும். எங்கே என்று கேட்டால், நடந்து போய்வர முடிகிற இரண்டு ஊராட்சிகள். இப்போது தலைப்பு இப்படி ஆகிறது: "பென்னாகரம் வட்டத்தின் இரண்டு ஊராட்சிகளில், குடிநீர் ஃபுளோரைடு குறித்த தகவலைப் பெண்கள் எந்த வழியில் பெறுகிறார்கள், எதை நம்புகிறார்கள்." கேள்வித்தாளும் யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் இந்தத் தலைப்பிலிருந்தே வந்துவிடும். நடுகற்களை ஊடகமாகப் பார்ப்பது, ஓசூரில் மூன்று மொழிச் சுவரொட்டிகள், யானை வரவை விவசாயிகளுக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கை முறைகள் என்று நம் மண்ணில் இப்படிப் பல இருக்கின்றன. சென்னை மாணவருக்கு இவை கிடைக்காது.

எழுதும்போது மூலத்தைக் குறிப்பிடும் முறையை முதல் பக்கத்திலிருந்தே கடைப்பிடியுங்கள். பல துறைகள் அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. முறையைக் கேட்கின்றன. யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 விழுக்காடு வரை தண்டனைக்கு உரியதல்ல. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். பழைய ஆய்வேட்டின் முன்னுரையைத் தட்டச்சு மையத்தில் மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். கட்டமைப்புக்கு மட்டும் 'சோத்கங்கா' தளத்தில் இருக்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பாருங்கள்.

வாய்மொழித் தேர்வில் உங்கள் ஆய்வின் குறை என்ன என்று கேட்பார்கள். குறையே இல்லை என்று சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் போனதால் பகலில் வீட்டில் இருந்தவர்களை மட்டுமே பார்க்க முடிந்தது என்று இருந்ததைச் சொன்னால், அடுத்த கேள்வி எளிதாக இருக்கும். கேள்வித்தாள்களின் மூலத்தைக் கட்டி எடுத்துப் போங்கள். ஒன்றைக் காட்டச் சொல்லும் தேர்வாளர்கள் உண்டு.

நான்காம் பருவத்தில் இருக்கும்போதே 'நெட்' தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இறுதி ஆண்டு மாணவர்களுக்கு அனுமதி உண்டு, 'நெட்' முடிவு வந்த இரண்டு ஆண்டுக்குள் முதுகலையை உரிய மதிப்பெண்ணோடு முடித்தால் போதும். இந்தத் துறைக்கான தாளின் எண் 63. தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு சுற்றுகளாக வரும். ஆய்வேட்டுக்காகப் படித்த ஆராய்ச்சி முறை மனத்தில் பசுமையாக இருக்கும்போதே, அந்த ஜூன் சுற்றையே எழுதிவிடுங்கள்.